ரேகை திரும்பும் இடம்: ஒரு மரக்குரங்கு, ஒரு முக்காலி, ஒரு நாற்காலி

புத்தக அலமாரியின் விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கும் அந்தத் தேக்குக் குரங்கைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். டென்மார்க்கின் கய் போயெசன் 1951-இல் வடிவமைத்தது. உடல் தேக்கு. முகம், வயிறு போன்ற வெளிர்ந்த பாகங்களுக்கு லிம்பா என்ற ஆப்பிரிக்க மரம். சிறிய அளவுக் குரங்கு ஏறக்குறைய 20 செ.மீ. உயரம். தலை திரும்பும், கைகால்கள் சுழலும், கைகளும் பாதங்களும் கொக்கிபோல் வளைந்திருக்கும். அந்தக் கொக்கிக்குக் காரணம் உண்டு: குழந்தைகளின் மேல்கோட்டை மாட்டும் ஆணிக்கு மாற்றாகத்தான் இந்த யோசனை பிறந்தது.

அந்தக் கையை உற்றுப் பாருங்கள். மரம் என்பது நெடுக்காக அடுக்கிய நார்க்கட்டு. நாரின் நீளவாக்கில் இழுத்தால் பெரும் பலம் காட்டும். நாருக்கும் நாருக்கும் இடையே பிளந்தால் விறகுபோல் விலகும். நேரான பலகையிலிருந்து கொக்கி வடிவத்தை அறுத்தெடுத்தால், கொக்கியின் ஏதோ ஓரிடத்தில் நார்கள் குறுக்காக ஓடியே தீரும். அங்கே நாரின் நீளம் கொக்கியின் தடிமன் அளவுதான். பொருள் தரையில் விழுந்தால் உடைவது அங்கேதான். நார் ஓடும் திசையைத் தச்சர் ரேகை என்பார். இப்படிக் குறுக்கே ஓடினால் அது குறுக்கு ரேகை. மரத்தில் வளைவு வேண்டும் என்று நினைக்கிற எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர்.

ஸ்காண்டிநேவிய மரச்சாமான்களைப் பற்றிப் பேசும்போது எளிமை, இயற்கை, வெண்மை என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொற்களைக் கொண்டு ஒரு நாற்காலியையும் இன்னொரு நாற்காலியையும் பிரித்தறிய முடியாது. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பொருளில் ரேகை எப்படித் திரும்பியது? இதற்குப் பதில் தேடினால் அவற்றின் வடிவம் புரியும், எந்த இடத்தில் பழுதாகும் என்பதும் புரியும். ஆச்சரியமாக, அவற்றின் விளையாட்டுக் குணமும் புரிந்துவிடும்.

பின்லாந்தின் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோவிடமிருந்து தொடங்குவது முறை. (கறாராகச் சொன்னால் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும்தான் ஸ்காண்டிநேவியா. 1954 முதல் 1957 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் சுற்றிய பெரிய கண்காட்சியில் பின்லாந்தும் அதே பெயரின்கீழ் இடம்பெற்றது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.) 1930 வாக்கில் ஐரோப்பாவின் புதுமை விரும்பிகள் குழாய் எஃகில் நாற்காலி வளைத்துக்கொண்டிருந்தார்கள். பைமியோ என்ற ஊரில் காசநோய் மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்த ஆல்ட்டோவுக்கு எஃகு பிடிக்கவில்லை. தொட்டால் குளிர்கிறது, ஒளியைக் கண்ணில் அடிக்கிறது, சத்தம் போடுகிறது. நாள் முழுக்கச் சாய்ந்து கிடக்கும் நோயாளிக்கு அது ஆகாது. ஊரில் மலிவாகக் கிடைத்தது பிர்ச் மரம். அதன் துளைகள் நுண்மையானவை, ரேகை சீரானது, மெல்லிய தகடாக, அதாவது ஏடாக, உரிக்க ஏற்றது. எஃகுக் குழாய் செய்வதை பிர்ச் செய்யுமா என்பதே கேள்வி. தூர்க்குவில் மரப்பட்டறை நடத்திய ஓட்டோ கொர்ஹொனெனுடன் சேர்ந்து ஆல்ட்டோ பல ஆண்டுகள் சோதித்தார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 40 மி.மீ. தடிமனுள்ள கட்டையை, அதன் நடுக்கோடு 80 மி.மீ. ஆரத்தில் வரும்படி வளைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிமுகம் நடுக்கோட்டிலிருந்து 20 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஆகவே அது 20-ஐ 80-ஆல் வகுத்த அளவு, அதாவது 25 சதவீதம் நீள வேண்டும். உள்முகம் அதே அளவு சுருங்க வேண்டும். ஆவியில் வெந்த மரம் சுருங்குவதை நன்றாகவே தாங்கும். நீள்வதை மட்டும் 1 அல்லது 2 சதவீதத்துக்கு மேல் தாங்காது, வெடித்துவிடும். அதனால்தான் ஆவியில் வளைப்போர் வெளிப்பக்கத்தில் எஃகுப் பட்டையைக் கட்டி, இரு முனைகளையும் கட்டையால் முட்டுக்கொடுத்து, வெளிமுகம் நீளவிடாமல் எல்லாவற்றையும் உள்நோக்கிச் சுருங்க வைக்கிறார்கள். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது பட்டறைக் கணக்கு. உலைச் சூட்டில் எலும்பாக உலர்ந்த மரம் இதற்கு உதவாது. ஈரம் 20 சதவீதத்தை ஒட்டி இருந்தால்தான் வளையும்.

ஆல்ட்டோவும் கொர்ஹொனெனும் வேறு வழியில் போனார்கள். கால் முழுவதும் திண்மையான பிர்ச்சாகவே இருக்கட்டும். வளைய வேண்டிய மேல்முனையில் மட்டும், ரேகைக்கு இணையாக, ரம்பத்தால் பல நெடுங்கீறல்கள் இழுத்தார்கள். முனை சீப்புப் பற்கள்போலப் பிரியும். ஒவ்வொரு கீறலுக்குள்ளும் பசை தடவிய மெல்லிய பிர்ச் ஏட்டைச் செருகி, சூட்டோடு அச்சில் வைத்து 90 பாகைக்கு வளைத்து, பசை இறுகும்வரை இறுக்கிப் பிடித்தார்கள். பசை ஈரமாக இருக்கும் நேரத்தில் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். ஆக வளைவது 40 மி.மீ. கட்டை அல்ல, தனித்தனி மெல்லேடுகள். 2 மி.மீ. ஏடு அதே 80 மி.மீ. ஆரத்தில் நீள வேண்டியது 1.25 சதவீதம்தான். மரம் தாங்கும். பசை காய்ந்ததும் வழுக்கல் நின்று, எல்லா ஏடுகளும் சேர்ந்து ஒரே கட்டையாகிவிடும். ரேகை ஓரிடத்திலும் அறுபடாமல் மூலையைத் திரும்பிவிட்டது. தச்சுத் தொழிலில் இதைவிட அழகான தீர்வுகள் மிகச் சிலவே உண்டு.

செய்முறை கேட்க எளிது. தவறும் இடங்கள் பல. ஏடு கீறலைவிட மெல்லியதாக இருந்தால் உள்ளே வெற்றிடம் விழும், பசை அதை நிரப்பாது. பசை இழுபடத் தொடங்கியபின் வளைத்தால் ஏடுகள் வழுக்காது, வெளியேடு வெடிக்கும். அச்சிலிருந்து அவசரமாக எடுத்தால் வளைவு கொஞ்சம் விரிந்துகொள்ளும். 90 பாகை 93 ஆனால் கால் வெளியே சாயும், முக்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. வளைவின் பக்கவாட்டை இன்றும் பாருங்கள்: ஏடுகள் விசிறிக் கோடுகளாகத் தெரியும். மறைக்கவில்லை. அலங்காரமாகச் செய்ததும் அல்ல.

அந்தக் காலைக் கொண்டு 1933-இல் வந்ததுதான் 60 எண் முக்காலி. வட்டத் தட்டு ஒன்று, கால் மூன்று, அடியிலிருந்து முடுக்கும் திருகாணிகள். அவ்வளவுதான். விட்டம் 38 செ.மீ., உயரம் 44 செ.மீ. காலே தட்டுக்கு அடியில் மடங்கிப் படுத்துக்கொள்வதால் கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டமோ, துளையில் நாக்கு இறக்கும் பொருத்தோ தேவைப்படவில்லை. கால்களைக் கழற்றித் தட்டையாக அடுக்கி அனுப்பலாம். ஸ்வீடனின் மரச்சாமான் நிறுவனம் ஐக்கியா, கால் கழற்றிய லவெட் மேசையை விற்கத் தொடங்கியது அதற்கு இருபத்துமூன்று ஆண்டு கழித்து, 1956-இல். அடுக்கும்போது ஒவ்வொரு முக்காலியையும் சற்றே திருப்பி வைத்தால் கால்கள் மரையைப்போல் சுழன்று ஏறும். கடைக்காரர்கள் கோபுரமாக அடுக்குவதும் குழந்தைகள் அதைக் கண்டதும் ஓடிவருவதும் இதனால்தான்.

மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, மேடுபள்ளத்திலும் மூன்றுமே தொடும். ஆனால் கவிழும். கால்கள் நடுவிலிருந்து 17 செ.மீ. தள்ளி நிற்பதாக வைத்தால், அவை அமைக்கும் முக்கோணத்தின் விளிம்பு நடுவிலிருந்து 8.5 செ.மீ. தூரம்தான். உடல் எடை அந்தக் கோட்டைத் தாண்டினால் முக்காலி சாயும். நான்கு கால் என்றால் அதே தூரம் 12 செ.மீ. ஆகிறது. உட்கார மூன்று கால் போதும். ஏறி நின்று மின்விளக்கு மாட்ட நான்கு கால் வகையை எடுங்கள். பழைய முக்காலியில் கால் தளர்ந்தால் திருகாணியைக் கையால் இறுக்குங்கள், மின்முடுக்கி வேண்டாம். துளை தேய்ந்து திருகாணி சும்மா சுற்றினால் நீளமான திருகாணி போடும் ஆசை வரும். அது தட்டின் மேல்முகத்தைக் குத்திக்கொண்டு வந்துவிடும். பசையில் தோய்த்த கடின மரச் சிம்பைத் துளைக்குள் அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, பழைய திருகாணியையே முடுக்குவதுதான் வழி.

டென்மார்க் வேறு பாதையில் வந்தது. அங்கே 1924-இல் கலைக் கழகத்தில் தொடங்கிய மரச்சாமான் வகுப்பை நடத்திய கோர கிளிண்ட், மாணவர்களை முதலில் அளக்கச் சொன்னார். உட்காரும் உடம்பை, அலமாரியில் வைக்கும் சட்டையை, கரண்டியை. பழைய நாட்டு நாற்காலிகளையும் பிற நாட்டு நாற்காலிகளையும் அளந்து வரையச் சொன்னார். நாற்காலி வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் சீனத்து மிங் காலத்து நாற்காலிகளை எடுத்துக்கொண்டு பல வடிவங்களாகக் கடைந்து குறைத்ததும் அந்தச் சூழலில்தான். 1949-இல் வரைந்து 1950-இல் கார்ல் ஹான்சன் நிறுவனம் உற்பத்தி தொடங்கிய சி.எச்.24 நாற்காலி அந்த வரிசையில் பிரபலமானது. முதுகுத் துண்டு கவட்டைபோல இருப்பதால் ஒய் நாற்காலி என்கிறார்கள்.

அதில் இரு வளைவுகள் அருகருகே இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு வழியில் வந்தவை. மேலே முதுகையும் முழங்கையையும் ஒரே வீச்சில் அணைக்கும் அரைவட்டம் ஆவியில் வளைத்தது. இறுக்கமான வளைவு என்பதால் அறுத்தெடுத்தால் குறுக்கு ரேகை விழுந்து முதுகு சாய்ந்ததும் முறிந்திருக்கும். பின்கால்களோ வளைத்தவை போலத் தோன்றினாலும் தட்டைப் பலகையிலிருந்து அறுத்தவை. வளைவு மிக மெதுவானது, ரேகை காலின் பெரும்பகுதிக்கு நீளவாக்கிலேயே ஓடும். அதனால் அறுத்தாலே போதும். செலவு பிடிக்கும் வேலையை அவசியமான இடத்தில் மட்டும் வைத்த கணக்கு இது. போலிகளை இனங்காணவும் இதுவே உதவும். மேல்வளைவில் ஒட்டுக்கோடு குறுக்கே போனாலோ, ரேகை வளைவைத் தொடராமல் விளிம்பில் அறுந்து வெளியேறினாலோ, அந்த மூலையில் கையை ஊன்றி எழுந்திருக்காதீர்கள்.

இருக்கையில் காகிதக் கயிறு. காகிதத்தை முறுக்கி மூன்று புரியாகத் திரித்தது, ஏறக்குறைய 3 மி.மீ. தடிமன். உலகப்போர்க் காலத்தில் கடற்புல் கயிறு வராமல்போக, அதற்கு மாற்றாக டென்மார்க்கில் புழக்கத்துக்கு வந்தது. போர் முடிந்தும் நிலைத்துவிட்டது. ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய 120 மீட்டர். பழகிய கை ஒரு மணி நேரத்தில் பின்னி முடிக்கும். முதன்முதலாகப் பின்னுபவர் இரண்டு நாள் ஒதுக்குவது நல்லது.

முறை இது. 120 மீட்டரையும் ஒரே கயிறாக இழுக்க முடியாது. 15 மீட்டர் அளவில் சிறு சுருள்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். இருக்கையின் முன்சட்டம் பின்சட்டத்தைவிட அகலம், ஆகவே சட்டம் சதுரம் அல்ல. முதலில் முன்பக்க மூலைகள் இரண்டை மட்டும் நிரப்ப வேண்டும். இடப்பக்கச் சட்டத்தின் உள்முகத்தில் கயிற்று நுனியைச் சிற்றாணியால் அறைந்து, முன்சட்டத்தின் மேலாகச் சுற்றி, உள்ளிருந்து மேலே எடுத்து, இடச்சட்டத்தின் மேலாகச் சுற்றி, குறுக்கே வலப்புறம் கொண்டுபோய், அதே சுற்றை எதிர்வரிசையில் செய்து, வலச்சட்டத்தின் உள்முகத்தில் அறைந்து வெட்டுங்கள். முன்சட்டத்தில் எஞ்சிய இடைவெளி பின்சட்டத்தின் நீளத்துக்குச் சமமாகும்வரை இதைத் தொடர வேண்டும். அதன்பின் அறையாமல், வெட்டாமல், நான்கு மூலைகளையும் வரிசையாகச் சுற்றிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு மூலையிலும் கயிறு செங்கோணத்தில் திரும்புகிறதா என்று ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை மூலைமட்டத்தால் பார்த்து, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டி வரிசைகளை நெருக்குங்கள். நெருக்காமல் விட்டால் மூலைவிட்டக் கோடு பாம்பாக நெளியும், பாதி வழியில் தெரியவரும், அவிழ்ப்பதைத் தவிர வேறு வழி இராது. கயிறு தீர்ந்தால் முடிச்சு அடிப்பக்கத்திலோ இரு அடுக்குக்கு நடுவிலோ போக வேண்டும். பக்கச் சட்டங்கள் நிறைந்தபின்னும் நடுவில் இடம் மிஞ்சினால், முன்னும் பின்னுமாக எட்டு வடிவில் இழுத்து அடைத்துவிடுங்கள்.

கயிற்றை ஊறவைக்கக் கூடாது. பிரம்புக்கு ஊறல் வேண்டும். காகிதம் ஊறினால் புரி தளர்ந்து, காய்ந்தபின் உப்பி நிற்கும். பின்னிய இருக்கையில் காபி சிந்தினால் பிழிந்த துணியால் உடனே ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். தேய்மானம் பெரும்பாலும் முன்சட்டத்தின்மேல், தொடை உராயும் வரியில் தொடங்கும். நடு இருக்கை அதற்குப்பின் பல ஆண்டு தாங்கும்.

விளையாட்டுப் பொருள்களுக்கு வருவோம். போயெசன் முதலில் வெள்ளித் தட்டார். 1907 முதல் 1910 வரை ஜார்ஜ் ஜென்சனிடம் தொழில் கற்றவர். 1938-இல் அவர் வடிவமைத்த கரண்டி, முள்கரண்டி வரிசைக்கு மிலான் கண்காட்சியின் பெரும்பரிசு கிடைத்தது 1951-இல், குரங்கு பிறந்த அதே ஆண்டில். ஒரே கை இரண்டையும் செய்தது என்பது தற்செயல் அல்ல. கோடுகள் புன்னகைக்க வேண்டும் என்பது அவர் பேச்சு. அந்தப் புன்னகை வண்ணத்தாலோ வரைந்த வாயாலோ வருவதில்லை. குரங்கின் தோளைத் திருப்பினால், திருப்பிய நிலையிலேயே நிற்கிறது. அந்த உராய்வுதான் உயிர். தோள் லூசாக இருந்தால் அது தொங்கும் பொம்மை, இறுகியிருந்தால் சிலை. 1955-இல் அவர் செய்த நீர்யானையின் வாயைத் திறந்து பென்சிலைக் கவ்வ வைக்கலாம். அதன் வேடிக்கையும் ஒரு மூட்டில்தான் இருக்கிறது.

டென்மார்க்கின் இன்னொரு வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் வேடல் இதை இன்னும் குறைத்தார். 1959-இல் அவர் செய்த பறவைக்கு மூட்டே கிடையாது. கடைசலில் கடைந்த முட்டை உடல், மேலே குழி, குழியில் சும்மா உட்கார்ந்திருக்கும் உருண்டைத் தலை. தலையைச் சாய்த்தால் வருத்தம், நிமிர்த்தினால் வியப்பு, பக்கத்துப் பறவையை நோக்கித் திருப்பினால் வம்பு. ரேகைக் கணக்கிலும் இது தூய்மையானது: நீட்டிய உறுப்பு எதுவும் இல்லாததால் குறுக்கு ரேகையில் முறிவதற்கு இடமே இல்லை. மேசையிலிருந்து விழுந்தால் தலை உருண்டு சோபாவுக்கு அடியில் போகும். அவ்வளவுதான் சேதம்.

அதே வேடல் 1957-இல் செய்த குழந்தை நாற்காலி மிலானில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. வளைத்த பிளைவுட்டாலான அரை உருளை, அதில் கிடைமட்டப் பிளவுகள், பிளவுகளில் செருகும் பலகைகள். பலகையை மேல் பிளவில் செருகினால் பெரிய பிள்ளைக்கு இருக்கை, கீழே இறக்கினால் சிறிய பிள்ளைக்கு. இன்னொன்றைச் செருகினால் மேசை. கவிழ்த்தால் கடை, கோட்டை, ஊஞ்சல், பிள்ளை நினைப்பது எதுவும். திண்மையான பலகையில் இப்படி நீளப் பிளவு போட்டால் ரேகையோடு கிழிந்துகொண்டே போகும். பிளைவுட்டில் அடுத்தடுத்த ஏடுகள் செங்குத்தாக மாறிமாறி ஒட்டப்பட்டிருப்பதால் கிழிசல் அடுத்த ஏட்டில் நின்றுவிடும். ஆல்ட்டோவின் காலில் ஏடுகள் எல்லாம் ஒரே திசை, ஏனென்றால் அங்கே ஒரே திசையில் பலம் வேண்டும். இங்கே எல்லாத் திசையிலும் வேண்டும். இதே இருக்கையை ஏற்றி இறக்கும் எண்ணத்தை நார்வேயின் பீட்டர் ஒப்ஸ்விக் 1972-இல் டிரிப் டிராப் நாற்காலியாக்கினார். பக்கச் சட்டங்களின் காடிகளில் இருக்கையையும் பாதப்பலகையையும் நகர்த்தித் திருகாணியால் இறுக்குவது. காற்றின் ஈரம் மாறும்போது பீச் மரம் விரிந்து சுருங்கும், பிடி தளரும். மாதம் ஒருமுறை அறுகோணச் சாவியால் சரிபார்க்காத வீட்டில்தான் பலகை நழுவும்.

வெளிர் ஓக், பீச், ஆஷ் மரங்களுக்கு டென்மார்க்கில் வார்னிஷ் போடாமல் சோப்பு போடுவது வழக்கம். வாசனையும் நிறமும் இல்லாத சோப்புச் செதில் 40 முதல் 50 கிராம், சுடுநீர் 1 லிட்டர். கரைத்து ஆறவிட்டு நுரையை ஸ்பஞ்சில் எடுத்து ரேகையோடு தடவி, சில நிமிடத்தில் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். நீர் பட்டதும் நார்கள் எழுந்து சொரசொரப்பாகும். காய்ந்தபின் 240 அல்லது 320 எண் உப்புத்தாளால் ரேகையோடு இலேசாக இழைத்து மறுபடி சோப்பு போடுங்கள். புது மரத்துக்கு மூன்று நான்கு முறை தேவைப்படும். கடினநீரில் கரைத்தால் சோப்பு திரிந்து வெள்ளைப் படலமாக நிற்கும், மென்னீர் எடுங்கள். ஓக்கில் இரும்புக் கம்பளியால் ஒருபோதும் தேய்க்காதீர்கள். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்புத் துகளும் ஈரத்தில் சேர்ந்து மைபோல் கறுக்கும், அது மேல்முகத்தில் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். தேக்குக்குச் சோப்பு வேண்டாம். அதற்கு எண்ணெய், அதுவும் கொஞ்சமாக. குரங்குக்கு எண்ணெய் போடும்போது லிம்பாப் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளிர்நிறம் மங்கி இரு மரங்களுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்துவிடும். சன்னல் வெயிலும் காலப்போக்கில் அதையே செய்யும்.

கடைசியாக, விழுந்து கை முறிந்த குரங்கு. முறிந்த முகம் பெரும்பாலும் குறுக்கு ரேகையில், நாரோடு பிளந்த சாய்தளமாக இருக்கும். அப்படியானால் பசை நன்றாகப் பிடிக்கும். ஒட்டுமிடத்தில் தேக்கு இருந்தால் அதன் எண்ணெய் பசையை விலக்கும், முதலில் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் எபாக்சிப் பசை தடவுங்கள். முறிவு நாரை அறுத்து நேர்வெட்டாக இருந்தால் பசை மட்டும் போதாது, நார்முனைகள் பசையை உறிஞ்சி ஒட்டுமுகத்தை வறட்சியாக்கிவிடும். இரு துண்டுகளிலும் 2 மி.மீ. துளையிட்டு, 12 மி.மீ. நீளப் பித்தளைக் கம்பியைக் குறுக்கே இறக்கி ஒட்ட வேண்டும். துளைகள் நேருக்கு நேர் வர, முதல் துண்டின் துளைநடுவில் குண்டூசித் தலையை வைத்து மற்ற துண்டை அழுத்தினால் அடையாளம் விழும். கிளாம்ப் வளைவில் வழுக்கும் என்பதால் சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு அவிழ்த்தபின், குரங்கை அந்தக் கையில் தொங்கவிடாமல் மறுகையில் தொங்கவிடுங்கள்.